இன்ஜின் வேலை முடிந்தது, மைலேஜ் எங்கே போனது?

கேள்வி: என் கார் 2013 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல். டிசம்பரில் வால்பாறை மலை ஏறும்போது கொதித்து ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ஹெட்டைச் சமப்படுத்தி, பிஸ்டன் ரிங் மாற்றி, 58,000 ரூபாய் செலவு. முன்பு லிட்டருக்கு 16 கொடுத்த வண்டி இப்போது 11 தான் கொடுக்கிறது. புகை இல்லை, பிக்கப் நன்றாக இருக்கிறது, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. இப்போதெல்லாம் சூடே ஏறுவதில்லை, ஊசி கால்வாசியைத் தாண்டாது. மெக்கானிக்கைக் கேட்டால், "புது ரிங் செட் ஆகணும் சார், அதோட இப்ப வர்றது ஈ20 பெட்ரோல்" என்கிறார். 4,000 கி.மீ. ஓட்டிவிட்டேன். இன்னும் பொறுக்கலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: பொறுக்க வேண்டாம். ரிங் உட்கார ஆயிரம், மிஞ்சிப்போனால் இரண்டாயிரம் கிலோமீட்டர் போதும். ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், மைலேஜைக் குறைக்கும் என்பது உண்மைதான். பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. உங்கள் கணக்கில் அது ஒரு கிலோமீட்டர். உங்களுக்குக் குறைந்திருப்பது ஐந்து. அதுவும் போக, வேலைக்கு முன்பும் இதே பெட்ரோலைத்தானே போட்டீர்கள்?

ஊசி கால்வாசியைத் தாண்டாது என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்களே, எனக்குச் சந்தேகமே அங்குதான். இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். கொதித்து வந்த வண்டி திரும்பக் கொதிக்கக்கூடாது என்று, "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று தூக்கி எறிவது கார்புரேட்டர் காலத்தில் பழகிய கை. அப்போது அதனால் பெரிய நஷ்டம் தெரியவில்லை. உங்கள் வண்டியில் பெட்ரோலை அளந்து ஊற்றுவது கம்ப்யூட்டர். கூலன்ட் 85, 90 டிகிரியை எட்டாதவரை இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். மிச்சப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், 58,000 ரூபாய் வேலை உள்ளே தேய்ந்துகொண்டிருக்கிறது.

வீட்டிலேயே சோதிக்கலாம். காலையில் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஃபேனுக்குக் கை போகாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். வால்வு இருந்தால் அது சில நிமிடம் குளிர்ந்தே கிடந்து, பிறகு சட்டென்று சுடும். இல்லையென்றால் ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறும். இன்னும் உறுதி வேண்டுமானால், உடுமலை ரோட்டில் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு ஸ்கேனர் மாட்டச் சொல்லுங்கள். கூலன்ட் 60, 70 டிகிரியில் நின்றால் விஷயம் முடிந்தது. விளக்கு எரியாததை வைத்துக் கோளாறு இல்லை என்று நம்ப வேண்டாம்.

வெப்பம் சரியாக இருந்து, ஸ்கேனரில் எரிபொருள் திருத்த அளவு (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் கணக்கு) மட்டும் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் காட்டினால், ஹெட்டிலிருந்து புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பாருங்கள். ஹெட்டைக் கழற்றும்போது அதையும் பிரித்திருப்பார்கள். பழைய கேஸ்கட்டையே போட்டு மூடினால் வெளிக்காற்று உள்ளே கசியும். புகையில் ஆக்சிஜனை அளக்கும் சென்சார், பெட்ரோல் போதவில்லை என்று ஏமாந்து இன்னும் கேட்கும். காலை ஸ்டார்ட்டில் டிக் டிக் சத்தம் வந்தால் இதுதான். டைமிங் செயினோ பெல்ட்டோ ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருந்தால் பிக்கப் செத்திருக்கும், உங்களுக்கு அது இல்லை. மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டி என்றால் டயர் காற்றும் பிரேக் பிடிப்பும் ஒரு பார்வை பார்க்கலாம்.

அப்புறம், மைலேஜை டிஸ்ப்ளேயில் பார்க்காதீர்கள். ஒரே பங்க்கில், பம்ப் தானாக நிற்கும்வரை டேங்க் நிரப்பி, அடுத்த முறையும் அப்படியே நிரப்பிக் கணக்குப் போடுங்கள்.

வால்வு சில நூறு ரூபாய்தான். மாட்டும்போது புதுக் கூலன்ட் ஊற்றி, காற்றை முழுக்க வெளியேற்றச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு மலையில் ஊசி பாதியைத் தாண்டினால் ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன், வாட்டர் பம்ப் மூன்றையும் பார்க்க வேண்டும். டிசம்பரில் ஏன் கொதித்தது என்று யாரும் தேடியதாகத் தெரியவில்லை. அதற்காக வால்வை மறுபடி கழற்ற விடாதீர்கள்.