பதில்: 13 அணி மாறியவரை 'யாருக்கும் வேண்டாதவர்' என்று எழுதலாமா?

வணக்கம் நண்பரே. கூடைப்பந்து வீரர் இஷ் ஸ்மித் பற்றிய கட்டுரைக்கு 'யாருக்கும் வேண்டாதவர்' என்று தலைப்பு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் வேறு எவரும் 13 அணிகளுக்கு ஆடியதில்லை. ஆனால் அணி மாறுவது எல்லா நேரமும் துரத்தப்படுவது ஆகாது.

2010இல் டிராஃப்டில், அதாவது புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், அவரை யாரும் எடுக்கவில்லை, அது உண்மை. ஹூஸ்டன் அணியில் சேர்ந்தார். 2011 பிப்ரவரியில் சக வீரர் ஷேன் பேட்டியரோடு சேர்த்து மெம்பிஸுக்கு மாற்றப்பட்டார். அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் வர்த்தகத்தில் இரு தரப்புச் சம்பளக் கணக்கும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும் என்பதால், சின்ன ஒப்பந்தத்தில் இருப்பவர்களைக் கூடவே சேர்த்து அனுப்புவது அங்கே சகஜம். ஆட்டம் மோசம் என்று அதற்குப் பொருள் இல்லை.

அவர் ஆடிய அணிகளின் பட்டியலில் நீங்கள் குழம்பிய 2015-16 வரிசைக்கு வருவோம். ஒரே சீசனில் இரண்டு அணிகள் இருப்பது பிழையல்ல. பிலடெல்பியா அப்போது 31 ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றிருந்தது. பந்தை ஒழுங்காக நடத்த ஆள் இல்லாமல், டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் வீரரை எடுக்கும் உரிமை இரண்டைக் கொடுத்து நியூ ஆர்லியன்ஸிடமிருந்து இவரைத் திரும்ப வாங்கினார்கள். வந்த முதல் ஆட்டத்திலேயே பீனிக்ஸை வென்றார்கள்! எனக்கு அவர் பயணத்தில் மிகப் பிடித்த இடம் இது. வேண்டாதவருக்கு யார் விலை கொடுப்பார்கள்?

அப்புறம் டெட்ராய்ட்டில் மூன்று சீசன் நிலையாக ஆடினார். 2023இல் டென்வரோடு கோப்பை. அங்கே அவர் அதிகம் ஆடவில்லை, அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.