தம்பி வாங்கிய கையெழுத்து: திருவையாறு அக்காவுக்கு

வணக்கம் அக்கா. பயிர்க் காப்பீட்டுக்கு என்று சொல்லித் தம்பி உங்களிடம் கையெழுத்து வாங்கியதையும், சீரியலில் அதே மாதிரி கோர்ட் காட்சி வந்தபோது நீங்கள் கையெழுத்துப் போட்டது, நிலத்தில் என் பங்கு வேண்டாம் என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரமாக இருக்குமோ என்று பதறியதையும் எழுதியிருந்தீர்கள். படிக்கவே மனசு கனத்துப் போச்சு.

ஒன்றை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள்: சார்பதிவாளர் அலுவலகம் போனீர்களா, போட்டோ எடுத்து விரல் ரேகை வாங்கினார்களா? வீட்டுத் திண்ணையில் முத்திரைத்தாளில் போட்டது மட்டும்தான் என்றால், பதிவாகாத விடுதலைப் பத்திரத்தால் நிலத்தில் உங்கள் பங்கு போய்விடாது. பதிவாகியிருந்தால், சீரியல் மாதிரி ஒரே வாய்தாவில் தீராது, ஏமாற்றியது தெரிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் சிவில் கோர்ட்டில் ரத்து வழக்குப் போட வேண்டும், அதனால் குறுவை அறுப்பு முடியட்டும் என்று தள்ளாதீர்கள்.

முதலில் வில்லங்கச் சான்றுக்கு எழுதிப் போடுங்கள், நிலத்தின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று அதில் தெரியும்; அப்புறம் பத்திர நகல். என் அத்தை அப்படி வாங்கிய நகலில் தன் கோணல் கையெழுத்தைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவேயில்லை. வக்கீல் செலவுக்குப் பயம் வேண்டாம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, தஞ்சாவூர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

நகல் கைக்கு வரும்வரை தம்பியிடம் வாய் திறக்காதீர்கள்.