பேசாத பெண்ணுக்கு வக்கீல் படிப்பா?

போன ஞாயிறு நீங்கள் கிளம்பும்போது, "கவலைப்படாதீங்க, எல்லாம் நல்லபடியா அமையும்" என்று கேட் வரைக்கும் வந்து சொல்லி அனுப்பினேன். பெண் பக்கத்தில் நின்றாள், அதனால் அப்படிச் சொன்னேன். இப்போது கொஞ்சம் கறாராகவே எழுதப் போகிறேன். தென்னாப்பிரிக்காவில், இந்த ஜோஹன்னஸ்பர்க்கில் இதே குழப்பத்தோடு இன்னும் சில தமிழ்க் குடும்பங்கள் இருப்பதால், நீங்கள் சம்மதித்தபடி பெயர் எதுவும் சொல்லாமல் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நிலவரம் இது. நீங்கள் இங்கே வந்து 11 வருடம் ஆகிறது. பெண் மெட்ரிக்கில், அதாவது இங்குள்ள பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள், எல்.எல்.பி. படிக்க வேண்டும் என்கிறாள். பாளையங்கோட்டைச் சித்தப்பா தினமும் வாட்ஸ்அப்பில் வருகிறார். "டாக்டர் சீட் அங்க கிடைக்கலைன்னா வேற நாட்டுல வாங்கிடலாம். வக்கீலுக்கா படிக்க வைப்பாங்க? அதுவும் ஆப்பிரிக்காவுல?" என்கிறார். உங்கள் வீட்டுக்காரரோ வீட்டுக் கடனில் கூடுதலாகக் கட்டி வைத்திருக்கும் பணத்தை எடுத்து வெளிநாட்டு மருத்துவப் படிப்புக்குக் கட்டிவிடலாமா என்று பாதி மனதோடு இருக்கிறார். உங்கள் கவலை வேறு. "யாராவது வந்தா ரூமுக்குள்ள போயிடுவா அக்கா, இவ கோர்ட்ல எப்படிப் பேசுவா?"

முதலில் அந்தக் கடன் பணம். அதைத் தொடாதீர்கள். இங்கே மருத்துவம் படித்தாலே ஆறு வருடப் படிப்பு, இரண்டு வருடப் பயிற்சி, ஒரு வருடச் சமூகச் சேவை என்று ஒன்பது வருடம். வெளியே படித்துவிட்டு வந்தால் இங்குள்ள மருத்துவக் கவுன்சிலின் தேர்வு வேறு, அதன் பிறகு பயிற்சி இடத்துக்காகக் காத்திருப்பது வேறு. இவ்வளவையும் தாங்கலாம், பிள்ளைக்கு அதில் ஆசை இருந்தால். ஒன்றரை மணி நேரம் நாம் பேசிக்கொண்டிருந்ததில் அவள் வாய் திறந்து சொன்னது ஒரே வாக்கியம்: "எனக்கு ரத்தத்தைப் பார்த்தா பயமெல்லாம் இல்ல ஆன்ட்டி, அந்த வேலை புடிக்கல, அவ்வளவுதான்." பயத்தால் மறுக்கும் பிள்ளையைப் பேசிப் பார்க்கலாம். யோசித்து மறுக்கிற பிள்ளையிடம் பேரம் பேசக்கூடாது. எட்டாம் வகுப்பில் பையன் ஒருத்தன் இருக்கிறான், அவன் படிப்புச் செலவையும் நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது 'ஆப்பிரிக்காவிலா' என்ற அந்தக் கேள்வி. சட்டப் படிப்பு மண்ணோடு ஒட்டியது. எந்த நாட்டில் தொழில் செய்யப் போகிறாளோ அந்த நாட்டில்தான் படிக்க வேண்டும். இந்தியாவில் ஐந்து வருடச் சட்டம் படித்துவிட்டு இங்கே வந்தால், பட்டத்தை மதிப்பிட்டு, விட்டுப்போன பாடங்களை எழுத வைப்பார்கள். இங்கே பள்ளி முடித்த கையோடு நான்கு வருட எல்.எல்.பி. படித்துவிட்டு சென்னைக்குப் போனாலும் இதே கதைதான். அங்கே பிளஸ் டூவுக்குப் பிறகு ஐந்து வருடம் என்பதுதான் கணக்கு, அந்த இடைவெளியை அடைக்கத் தனியாக அலைய வேண்டும். ஆக, முதலில் ஊரைத் தேர்ந்தெடுங்கள், படிப்பு தானாக அமையும். நீங்கள் இங்கேதான் இருக்கப் போகிறீர்கள், வீடே வாங்கிவிட்டீர்கள்.

தரத்தைப் பற்றிச் சித்தப்பாவுக்குச் சந்தேகம் என்றால், ஒருநாள் அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஜோஹன்னஸ்பர்க்கில் பழைய சிறைச்சாலை இருந்த மேட்டில் நிற்கிற அரசியலமைப்பு நீதிமன்றத்தைக் காட்டுங்கள். 1995-ல், பிறந்த சில மாதங்களிலேயே, மரண தண்டனை செல்லாது என்று சொன்ன நீதிமன்றம் அது. உலகமெங்கும் சட்ட மாணவர்கள் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள்.

இந்த இடத்தில் எல்லாரும் நவி பிள்ளையின் பெயரைச் சொல்வார்கள். நீங்களும் சொன்னீர்கள். டர்பனில் ஒரு தமிழ் பஸ் டிரைவரின் மகள், 1967-ல் நட்டால் மாகாணத்தில் சொந்தமாக வக்கீல் அலுவலகம் திறந்த முதல் வெள்ளையரல்லாத பெண், பிறகு ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயத்தில் நீதிபதி, 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையர். பெருமைதான். ஆனால் உங்கள் பெண்ணுக்கு அந்த உதாரணம் பாரம். அவள் அந்த ரகம் இல்லை. அதனால் மனித உரிமை, கிரிமினல் கோர்ட், பெரிய கம்பெனிச் சட்டம் எதையும் நான் இங்கே விரிக்கப் போவதில்லை. அதையெல்லாம் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது நீங்களே சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு விஷயம். போன வருடம் இந்த வீடு வாங்கும்போது ஏஜென்ட் கொண்டுவந்த ஒப்பந்தத்தில் நீங்கள் இருவரும் விலையைப் பார்த்தீர்கள், வட்டியைப் பார்த்தீர்கள். அவள் மட்டும் சோபா ஓரத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்து, "அப்பா, இதுல எர்ஃப் நம்பர், அதான் மனை எண், 1247-ன்னு இருக்கு, வந்த தண்ணி பில்லுல 1274-ன்னு இருக்கே" என்றாள். ஏஜென்ட் முகம் மாறிவிட்டது என்றீர்கள். எனக்கு அந்த இடத்தில்தான் பளிச்சென்றது. இந்தப் பெண் கன்வேயன்சர், அதாவது சொத்துப் பத்திர வக்கீல் ஆக வேண்டியவள்.

"பத்திரம் எழுதுற வேலையா?" என்று சித்தப்பா கேட்பார். கேட்கட்டும். நம் ஊரில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்தான் அவர் கண்ணுக்குத் தெரிவார். இங்கே கதை வேறு. 1937-ல் வந்த பத்திரப் பதிவுச் சட்டப்படி சொத்து மாற்றும் பத்திரத்தைத் தயாரிக்க கன்வேயன்சரால் மட்டுமே முடியும். முதலில் வக்கீலாக வேண்டும், அதன்மேல் தனித் தேர்வு எழுதி உயர் நீதிமன்றத்தில் கன்வேயன்சராகவும் பதிவாக வேண்டும். பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போட்டால், அதில் உள்ள குறிப்பிட்ட விவரங்களுக்கு அவரே பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. விற்பவரும் வாங்குபவரும் ரேகை வைக்கப் பதிவாளர் முன்னால் வரிசையில் நிற்பதில்லை. விற்பவர் கொடுத்த அதிகாரப் பத்திரத்தோடு கன்வேயன்சர்தான் போய்ப் பதிவாளர் முன் கையெழுத்திடுகிறார். வேடிக்கை என்னவென்றால், அவரைத் தேர்ந்தெடுப்பது வழக்கமாக விற்பவர், பணம் கொடுப்பது வாங்குபவர்.

வேலை எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். விற்பவரின் பழைய கடனை ரத்து செய்ய ஒரு அலுவலகம், பெயர் மாற்றத்துக்கு இன்னொன்று, வாங்குபவரின் புதுக் கடனைப் பதிய மூன்றாவது. பெரும்பாலும் மூன்றும் வெவ்வேறு வக்கீல்கள். மூன்று கட்டுகளும் டீட்ஸ் ஆபீஸ் என்கிற பத்திரப் பதிவு அலுவலகத்துக்குள் ஒரே நாளில் சேர்ந்து நுழைய வேண்டும், ஒன்றில் பிழை வந்தால் மூன்றும் சேர்ந்து வெளியே வரும். அதற்கு முன் நகராட்சியிடமிருந்து வரி பாக்கி இல்லை என்ற சான்று, வருமான வரித்துறையிடமிருந்து சொத்து மாற்ற வரி ரசீது, வீட்டு மின் கம்பிகள் பாதுகாப்பானவை என்ற சான்று. உள்ளே போனதும் ஆய்வாளர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வரிவரியாகப் பார்ப்பார்கள். பெயரில் ஒரு எழுத்து, அடையாள எண்ணில் ஒரு இலக்கம், சதுர மீட்டரில் ஒரு புள்ளி தப்பினாலும் குறிப்பு எழுதித் திருப்பிவிடுவார்கள்.

நம்மவர்கள் பத்திரம் வந்தால் கூத்து தனி. அப்பா பெயரை முன்னெழுத்தாகப் போடுகிற நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, வங்கியில் இன்னொரு மாதிரி. அப்புறம் கல்யாணம். இங்கே பத்திரத்தில் கணவன் மனைவி சொத்து எந்த ஏற்பாட்டின் கீழ் வருகிறது என்று எழுதியாக வேண்டும். திருநெல்வேலியில் தாலி கட்டியவருக்கு, இந்தியச் சட்டப்படி நடந்த திருமணம் என்று குறித்து, துணைவரின் கையெழுத்தும் வாங்குவார்கள். உங்கள் பத்திரத்திலும் அந்த வரி இருக்கும், எடுத்துப் பாருங்கள். இந்தச் சிக்கல் எல்லாம் ஒரு தமிழ்ப் பெண்ணுக்குச் சொல்லாமலே புரியும்.

இன்னொன்று. டச்சிலிருந்து கிளைத்த இந்த ஊர் மொழியான ஆஃப்ரிகான்ஸில் அவளுக்கு நல்ல மார்க், "அது எதுக்கு உபயோகம்" என்று நீங்கள் சலித்துக்கொண்டீர்கள். பழைய பத்திரங்களும் நிலத்தின் மேல் போட்ட நிபந்தனைகளும் பல ஆஃப்ரிகான்ஸில் இருக்கும், இன்னும் பழையது டச்சில். பக்கத்து மனைக்காரருக்குத் தண்ணீர் போக விட்ட வழி, கடை கட்டக்கூடாது என்ற தடை எல்லாம் அதில் ஒளிந்திருக்கும். படிக்கத் தெரிந்தவளுக்கு அது காசு.

நீங்கள் வருத்தத்தோடு சொன்ன இன்னொரு கதையும் ஞாபகம் இருக்கிறது. பாளையங்கோட்டை வீட்டுப் பத்திரத்தில் செக்குபந்தி, அதாவது நான்கு பக்க எல்லை, தப்பாக எழுதப்பட்டதால் சித்தப்பாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பல வருடமாக வழக்கு நடக்கிறதாமே. அடுத்த முறை அவர் "பத்திரம் எழுதுற வேலையா" என்று கேட்டால், இதைக் கேளுங்கள்.

சரி, செலவும் காலமும். எல்.எல்.பி. நான்கு வருடம். விட்ஸ் பல்கலைக்கழகம், ஜோஹன்னஸ்பர்க் பல்கலைக்கழகம், கொஞ்சம் சிரமப்பட்டால் பிரிட்டோரியா, மூன்றுக்கும் வீட்டிலிருந்தே போய் வரலாம், விடுதிச் செலவு மிச்சம். உங்கள் வருமானம் வருடத்துக்கு 3,50,000 ராண்டுக்கு மேல் என்பதால் அரசின் இலவச உதவித் திட்டம் உங்களுக்குக் கிடைக்காது, அதை எதிர்பார்த்து உட்காராதீர்கள். கேப் டவுனுக்குத்தான் போவேன் என்று அவள் அடம் பிடித்தால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசுகிறேன். பத்திரம் எழுத கேப் டவுன் பட்டம் தேவையில்லை. படிப்பு முடிந்ததும் ஒரு வக்கீலிடம் ஆர்ட்டிகிள்ஸ் என்கிற பயிற்சி, வழக்கமாக இரண்டு வருடம். அந்த நாட்களின் சம்பளம் கையைக் கடிக்கும், வீட்டில் சோறு போட வேண்டும். அப்போதே நான்கு தாள் கொண்ட தேர்வு, அதில் ஒன்று வக்கீல் அலுவலகக் கணக்கு. அதற்குப் பிறகுதான் கன்வேயன்சர் தேர்வு. மொத்தம் ஏழு வருடத்தில் தன் பெயரில் கையெழுத்துப் போடுவாள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஆர்ட்டிகிள்ஸ் இடம் கிடைப்பது பெரும்பாடு, மூன்றாம் வருடத்திலிருந்தே தேட வேண்டும். வீட்டு விற்பனை படுத்தால் இந்தத் தொழிலும் படுக்கும். மின்னணுப் பதிவுக்கு 2019-ல் சட்டம் வந்துவிட்டது, காகிதக் கட்டு தூக்கும் காலம் போகும். ஆனால் பொறுப்பை இயந்திரத்தின் தலையில் கட்ட முடியாது. மின்னஞ்சலை இடைமறித்து வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி, வீடு வாங்கியவரின் 55 லட்சம் ராண்டை அடித்துக்கொண்டு போன வழக்கு 2024-ல் மேல்முறையீடு வரை போனது. இனிமேல் இந்த வேலைக்கு எண்ணைப் பார்த்தால் ஒருமுறைக்கு இருமுறை சந்தேகப்படுகிற ஆட்கள்தான் வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் சட்டம் படிக்கலாம், ஆனால் வக்கீலாகப் பதிவு செய்ய குடியுரிமை அல்லது பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமை இருந்தே ஆக வேண்டும். லெசோத்தோ, ஜிம்பாப்வே நாட்டவர்கள் இங்கேயே பட்டம் வாங்கிவிட்டு, இந்த விதி அநியாயம் என்று வழக்குப் போட்டார்கள். 2022-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. பட்டம் கையில், தொழில் கிடையாது. உங்கள் இருவருக்கும் பி.ஆர். இருக்கிறது என்றீர்கள். அவளுக்கு? "எங்களோடதுலயே இருக்கும்" என்றார் அவள் அப்பா. அந்த 'இருக்கும்' எனக்குப் பிடிக்கவில்லை. சிறு வயதில் பெற்றோர் வழியாக வாங்கிய சான்றிதழில் 18 வயதுக்குப் பிறகு உறுதிப்படுத்தி விண்ணப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கக்கூடும். அவளுக்கு மார்ச்சில் 18 ஆகிறது. அந்தத் தாளை எடுத்து, நிபந்தனைப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். முடிந்தால் அவளையே படிக்கச் சொல்லுங்கள்.

அது தெளிவாகும் வரை ஒரு பல்கலைக்கழகத்துக்கும் முன்பணம் கட்டாதீர்கள். விண்ணப்பம் மட்டும் போடட்டும். மெட்ரிக் பரீட்சை முடிந்ததும் டிசம்பரில் மூன்று வாரம் அவளை ஏதாவது ஒரு சின்ன கன்வேயன்சிங் அலுவலகத்தில் உட்கார வையுங்கள், சம்பளம் கேட்க வேண்டாம். வக்கீல் பக்கத்தில் வேண்டாம், இருபது வருடமாக அங்கே கோப்பு தயாரிக்கிற செயலாளர் அம்மா பக்கத்தில். தொழில் அங்கேதான் இருக்கிறது. மூன்றாவது வாரம் அவளுக்குச் சலித்துவிட்டால் சொல்லுங்கள், வேறு யோசிப்போம். பி.ஆர். சான்றிதழோடு வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள். கடன் பாஸ்புக் வேண்டாம்.