‘புட் ஒஃப் இட்’ ஏன் பிழை?

ஐயா,
ஆரையம்பதியில் பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ‘புட்’ என்ற வினையோடு ஒன், ஒஃப், அவுட், அப் சேரும்போது வரும் கருத்துகளைப் பட்டியலாக்கிப் பாடமாக்கக் கொடுத்தேன். ஒப்புவிக்கிறார்கள், வசனம் எழுதினால் பிழை. ஓ.எல். பரீட்சைக்கு எத்தனை கருத்துத் தெரிந்தால் போதும்? பிரித்தானிய வழக்கா, அமெரிக்க வழக்கா நல்லது?

அன்புள்ள தங்கச்சி,

பிரித்தானியா, அமெரிக்கா கதையை விடுங்கள். உங்கள் பிள்ளைகள் இடறுவது அங்கே இல்லை. பொழுதுபட்ட பிறகும் இருந்து படிப்பிக்கிற உங்கள் அக்கறை பெரிது. அதனால்தான் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அந்தப் பிழையைப் பிள்ளைகளுக்கு ஊட்டியதே உங்கள் பட்டியல்தான்.

‘புட் ஒஃப் என்றால் தள்ளிப்போடு’ என்று எழுதிக் கொடுத்திருப்பீர்கள். பிள்ளை அதைப் பிரியாத ஒரே சொல்லாக விழுங்கிவிட்டது. தமிழில் ‘அதைத் தள்ளிப்போடு’ என்கிறோம். செயப்படுபொருள் முன்னுக்கே வந்துவிடும், தள்ளிக்கும் போடுக்கும் நடுவில் எதையும் நுழைப்பதில்லை. ஆகவே பிள்ளை ‘புட் ஒஃப்’ என்பதையும் பிரிக்காமல் ‘புட் ஒஃப் இட்’ என்று எழுதுகிறது. ‘புட் இட் ஒஃப்’ மட்டுமே சரி.

பெயர்ச்சொல் வந்தால் இரண்டு இடமும் பொருந்தும்: ‘புட் ஒஃப் த மீட்டிங்’, ‘புட் த மீட்டிங் ஒஃப்’. இட், தெம், ஹிம் போன்ற பிரதிபெயர் வந்தால் நடு இடம் மட்டும். ‘வெள்ளிக்கிழமை கல்முனையில் நடக்கவிருந்த கூட்டம்’ என்று பெயர் நீண்டுவிட்டால் கடைசியில் வையுங்கள். நடுவில் திணித்தால் ஒஃப் எங்கேயோ தூரத்தில் நிற்கும், வாசிப்பவருக்குப் பிடிபடாது.

இங்கே ஒஃப் வினையடை, வினையோடு சேர்ந்தது. ‘லுக் அட் இட்’ என்பதில் அட் முன்னிடைச்சொல். தன் பெயருக்கு முன்னால்தான் நிற்கும். அதனால் ‘லுக் இட் அட்’ என்று யாரும் சொல்வதில்லை. காதுக்கும் இது தெரியும்: ‘புட் இட் ஒஃப்’ சொல்லும்போது அழுத்தம் ஒஃப்பில் விழும், ‘லுக் அட் இட்’ சொல்லும்போது அட் மெலிந்துபோகும். ஒரே ஒன் இரண்டு வேலையும் செய்யும். ‘புட் இட் ஒன் த டேபிள்’ என்பதில் அது மேசைக்கு உரியது. ‘புட் யுவர் ஷூஸ் ஒன்’ என்பதில் புட்டுக்கு உரியது, சப்பாத்தைப் போடு. இந்த வேறுபாட்டை வாயால் சொல்லிப் பழக்காமல் கருத்தை மட்டும் பாடமாக்கி என்ன பயன்?

‘புட் அப் வித்’, அதாவது சகித்துக்கொள், பிரியாது. கடைசியில் முன்னிடைச்சொல் வித் இருப்பதால் ‘புட் அப் வித் இட்’ என்றே வரும். வித் இல்லாத ‘புட் அப்’ பிரியும்: ‘வி கேன் புட் யூ அப்’ என்றால் எங்கள் வீட்டில் தங்க இடம் தருவோம் என்று கருத்து.

‘ஒஃப் த லைட்’ என்று எழுதினால் உடனே திருத்துங்கள். அங்கே வினையே இல்லை. ‘புட் த லைட் ஒஃப்’ என்று வரவேண்டும்.

ஒரு கிழமைக்கு ஒன், ஒஃப், அவுட், அவே நான்கும் போதும். ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் மூன்று வசனம்: பெயர் கடைசியில், பெயர் நடுவில், பிரதிபெயர் நடுவில். மறுகா, புட்டுக்கு இறந்தகாலமும் புட்தான். ‘புட்டட்’ என்று எழுத விடாதீர்கள். ‘புட்டிங்’ எழுதும்போது ‘டீ’ (t) எழுத்து இரண்டு. ‘புட் ஒஃப்’புக்குப் பின் இன்னொரு வினை வந்தால் அது ‘இங்’ வடிவில் வரும்: ‘ஹீ புட் ஒஃப் கோயிங்’. ‘டு கோ’ என்று எழுதினால் சிவப்புப் பேனையால் வெட்டுங்கள்.