திருடுபோன லேப்டாப்பை சாஃப்ட்வேர் மீட்டுத் தருமா?

கேள்வி: என் மகள் கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். பக்கத்து அறை மாணவியின் லேப்டாப் திருடுபோய்விட்டது. மகளுக்குப் புது லேப்டாப் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், "டிராக்கிங் சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறேன். எங்கே போனாலும் காட்டிவிடும்" என்று வருடச் சந்தா கேட்கிறார். வாங்கலாமா?
- ஒரு தாய், திருச்சி

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. அவர் காசுக்குத் தருவதில் முக்கியமான பகுதி லேப்டாப்பிலேயே இலவசமாக இருக்கிறது. விண்டோஸில் 2015 முதலே 'ஃபைண்ட் மை டிவைஸ்' வசதி உண்டு. மகள் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கில், அட்மினாக உள்ளே நுழைந்து, லொக்கேஷனையும் இதையும் ஆன் செய்தால் போதும். தொலைந்தால் வேறு எந்த போனிலிருந்தும் அதே கணக்கைத் திறந்து, கடைசியாக எங்கே இருந்தது என்று பார்க்கலாம், பூட்டவும் செய்யலாம்.

ஆனால் "எங்கே போனாலும் காட்டிவிடும்" என்பதை மட்டும் நம்பாதீர்கள். பெரும்பாலான லேப்டாப்களில் ஜி.பி.எஸ். கிடையாது. சுற்றியுள்ள வைஃபை சிக்னல்களை வைத்துத்தான் இடத்தைக் கணிக்கிறது. தெரு வரை சரியாக வரலாம். அடுக்குமாடிக் கட்டடம் என்றால் எந்த வீடு, எந்த மாடி என்று சொல்லாது. ஐ.பி. முகவரி (இன்டர்நெட் இணைப்புக்கான எண்) மட்டும் கிடைத்தால் ஊரே மாறிக் காட்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல், இன்டர்நெட்டில் இணைந்தால்தான் லேப்டாப் தகவல் அனுப்பும். திருடியவர் ஆன் செய்யாமலே கைமாற்றிவிட்டாலோ, ஃபார்மட் அடித்துவிட்டாலோ சாதாரண டிராக்கிங் சாஃப்ட்வேர் அத்தோடு போச்சு. ஃபார்மட் அடித்த பிறகும் தானாகத் திரும்ப வந்து உட்காரும் வகையும் இருக்கிறது. டெல், ஹெச்.பி., லெனோவா நிறுவனங்களின் பல மாடல்களில் பயாஸுக்குள்ளேயே (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் இயங்கும் அடிப்படை நிரல்) கனடாவில் தொடங்கிய அப்சொல்யூட் நிறுவனத்தின் சிறு நிரல் வைக்கப்பட்டிருக்கும். உயிர்ப்பித்துவிட்டால் புது விண்டோஸ் ஏற்றினாலும், ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும் அது மறுபடி சாஃப்ட்வேரை நிறுவிக்கொள்ளும். கடைக்காரர் தருவது இந்த வகையா என்று கேட்டுப் பாருங்கள். 'ஃபார்மட் அடித்தால் என்ன ஆகும்?' என்ற ஒரு கேள்வி போதும். ஆப்பிள் மேக்புக் என்றால் 'ஃபைண்ட் மை' ஆன் செய்திருந்தாலே போதும். டி2 என்ற பாதுகாப்பு சிப் அல்லது ஆப்பிளின் சொந்த சிப் உள்ளவற்றில், துடைத்தெடுத்தாலும் உரியவரின் பாஸ்வேர்ட் இல்லாமல் மறுபடி பயன்படுத்த முடியாது.

சரி, இடம் தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். போய் வாங்குவது யார்? 2011இல் அமெரிக்காவின் ஓக்லண்டில் ஒருவரின் மேக்புக் திருடுபோனது. அதிலிருந்த சாஃப்ட்வேர், லேப்டாப்பை வைத்திருந்தவரின் முகத்தையே படமெடுத்து அனுப்பியது. அப்படியும் போலீஸ் வாரக்கணக்கில் அசையவில்லை. பறிகொடுத்தவர் படங்களை இணையத்தில் போட்டு, ஊரெல்லாம் பேசிய பிறகுதான் கைது நடந்தது. சாஃப்ட்வேர் துப்புதான் கொடுக்கும், பொருளை மீட்பது போலீஸ்தான். மேப்பில் புள்ளி தெரிகிறது என்று மகளோ அவள் தோழிகளோ தாங்களே கிளம்பிப் போய்விடக் கூடாது. இதை அவளிடம் அழுத்திச் சொல்லிவையுங்கள்.

அதனால் சந்தாவைவிட முக்கியம் எஃப்.ஐ.ஆர். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான சீட்டு) கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதோடு நிற்காதீர்கள். இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் அவர்களும் எஃப்.ஐ.ஆர். நகலைத்தான் கேட்பார்கள். குற்ற விசாரணை நடைமுறைக்கான பி.என்.எஸ்.எஸ். சட்டம் 173ஆம் பிரிவுப்படி நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகார் அனுப்பலாம். புகாரில் சீரியல் நம்பர் கட்டாயம் இருக்கட்டும். பில்லையும், லேப்டாப்பின் அடியில் உள்ள ஸ்டிக்கரையும் இன்றைக்கே படமெடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நம்பர் இல்லாவிட்டால், போலீஸ் ஒரு லேப்டாப்பைக் கைப்பற்றினாலும் அது உங்களுடையது என்று நிரூபிப்பது கஷ்டம். மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பிளாக் செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அது ஐ.எம்.இ.ஐ. எண் உள்ள மொபைல்களுக்கானது.

அப்புறம், லேப்டாப் திரும்பி வராமலே போகலாம். உள்ளே இருக்கும் ஆதார் நகல், குடும்பப் படங்கள், பிராஜெக்ட் எல்லாம் யார் கையிலும் சிக்காமல் இருக்க வேண்டுமே! விண்டோஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் (உள்ளே இருப்பதை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பூட்டைத் திறக்கும் ரெக்கவரி கீ எண் மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்க வேண்டும். பிராஜெக்ட்டுக்கு ஒரு பேக்கப் எங்காவது தனியாக இருக்கட்டும். பணம் செலவழிப்பதாக இருந்தால், முதலில் அந்தச் சந்தாப் பணத்தில் ஒரு கேபிள் லாக் (லேப்டாப்பை மேசையோடு சேர்த்துப் பூட்டும் கம்பி) வாங்குங்கள். பூட்டு மாட்டும் துளை அந்த மாடலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த டிராக்கிங் சாஃப்ட்வேர் போட்டாலும், அந்தக் கணக்கைக் கடைக்காரரின் இமெயிலில் திறக்க விடாதீர்கள். கேமராவைத் தூரத்திலிருந்து இயக்கும் வசதி பலவற்றில் உண்டு. பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறதோ அவர் உங்கள் மகளின் அறைக்குள் பார்க்கலாம். அமெரிக்காவின் லோவர் மெரியன் பள்ளி மாவட்டம், மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் திருட்டைக் கண்டுபிடிக்க வைத்த இதே வசதியால் மாணவர்களை வீட்டில் இருக்கும்போதே படமெடுத்துவிட்டு, 2010இல் 6,10,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கப்போகிறேன். திருட்டுப் பொருளாக இருந்தால் என்ன செய்வது?
- ஒரு கல்லூரி மாணவர், சென்னை

பதில்: சீரியல் நம்பர் எழுதிய பில் தராதவரிடம் வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பி.என்.எஸ். தண்டனைச் சட்டம் 317ஆம் பிரிவுப்படி குற்றம். விலை அநியாயத்துக்குக் குறைவாக இருந்தாலே கேள்வி வரும்.

பணம் கொடுக்கும் முன் உங்கள் கண்ணெதிரே பயாஸைத் திறக்கச் சொல்லுங்கள். பயாஸ் பாஸ்வேர்ட் கேட்டு, விற்பவருக்கே அது தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். செக்யூரிட்டி பகுதியில் மேலே சொன்ன 'அப்சொல்யூட்' அல்லது 'கம்ப்யூட்ரேஸ்' (அதன் பழைய பெயர்) ஆக்டிவேட் ஆகியிருந்தாலும் வேண்டாம். ஏதோ ஒரு கம்பெனியின் பெயரில் இன்னும் அது இருக்கக்கூடும், ஒருநாள் தூரத்திலிருந்தே பூட்டிவிடுவார்கள். மேக்புக் என்றால், விற்பவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்து, நீங்கள் உங்கள் கணக்கில் நுழைந்து பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.