சுத்தத் துணிக்கு மூடி, அழுக்குத் துணிக்குக் காற்று

கார் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சென்னையில் வீடு தேடிப் போய் கார் கழுவிக் கொடுக்கிறேன். ஸ்கூட்டரில் ஒரே பெரிய பை. துணி, பேடு, பாட்டில் எல்லாம் அதற்குள்தான். ஷாம்பு நல்லது, மைக்ரோஃபைபர் துணியும் நல்லது. ஆனாலும் கறுப்புக் கார்களில் வெயில் படும்போது மெல்லிய வட்டக் கீறல்கள் தெரிகின்றன. எங்கே தவறு?
– வாசகர், வேளச்சேரி

பதில்: கழுவும் முறையில் குறை இல்லையென்றால் பையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மைக்ரோஃபைபர் என்பது பாலியெஸ்டரும் பாலியமைடும் சேர்ந்த இழை. பெரும்பாலும் 80-க்கு 20, விலை கூடியதில் 70-க்கு 30. இழைகள் நுண்ணியதாகப் பிளவுபட்டிருப்பதால் தூசியை அள்ளி உள்ளே பிடித்துக்கொள்ளும். கார் மேல் அது செய்யும் இந்த வேலையைப் பைக்குள்ளும் நிறுத்தாமல் செய்கிறது. சக்கரம் துடைத்த துணியில் இருப்பது பிரேக் தூள், அதாவது கூர்மையான இரும்புப் பொடி. வண்டி குலுங்கக் குலுங்க அந்தப் பொடி பக்கத்திலிருக்கும் சுத்தத் துணிக்கு ஏறிவிடும், கண்ணுக்குத் தெரியாது. காரின் மேல்பூச்சான கிளியர்கோட் பொதுவாக 50 மைக்ரானை ஒட்டிய கனம்தான். துணியில் இருக்கும் ஒரு துகளே கோடு போடப் போதும்.

ஒரு விதியைக் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: சுத்தத் துணி வைக்கும் டப்பாவிலிருந்து வெளியே வந்த துணி, துவைத்துக் காயாமல் டப்பாவுக்குத் திரும்பக் கூடாது. பாதிதான் பயன்படுத்தினேன், இன்னொரு பக்கம் சுத்தம் என்றாலும் கூடாது. தரையில் விழுந்த துணிக்கும் இதே சட்டம்தான். உதறிவிட்டு மறுபடி பாடியில் வைப்பவர்கள் நிறையப் பேர். உதறினால் மணல் போகாது.

ஸ்கூட்டரில் போகிறவருக்கு எளிய வழி, ஒரு காருக்கு ஒரு கட்டு. சாதாரணக் கழுவலுக்கு ஈரம் ஒற்ற ஒரு பெரிய துணி, பாடிக்கு 4, கண்ணாடிக்கு 2, உள்பக்கத்துக்கு 3, சக்கரத்துக்கும் கதவிடுக்குக்கும் 2 என்று 12 துணி வரும். பாடித் துணி, கண்ணாடித் துணி, உள்பக்கத் துணி மூன்றையும் தனித்தனி ஜிப்லாக் பையில் போட்டு, மூன்றையும் மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். சக்கரத் துணி சுத்தமாக இருந்தாலும் அந்த டப்பாவுக்குள் வரவே கூடாது. எவ்வளவு துவைத்தாலும் அதில் கொஞ்சம் இரும்புப் பொடி தங்கியே இருக்கும். நிறம் பிரித்து வாங்கினால் குழப்பம் வராது: கண்ணாடிக்கு நீலம், பாடிக்கு மஞ்சள், சக்கரத்துக்குக் கறுப்பு. எந்த நிறமானாலும் சரி, ஒரு வேலைக்கு ஒதுக்கிய நிறத்தை மாற்றாதீர்கள். 40 செ.மீ. சதுரத் துணியை இரண்டு முறை மடித்தால் 8 முகம் கிடைக்கும். மடித்தே கட்டுங்கள், எடுத்தவுடன் வேலைக்கு ஆகும்.

அழுக்குக்கு மூன்று பை வேண்டும். பாடியும் கண்ணாடியும் துடைத்தவை ஒன்றில், சக்கரம் துடைத்தவை ஒன்றில், டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் பட்டவை இன்னொன்றில். கடைசிப் பையை விட்டுவிடாதீர்கள். அந்தப் பாலிஷ்களில் பலவற்றில் சிலிக்கோன் இருக்கிறது. அது கண்ணாடித் துணியில் ஏறினால் எவ்வளவு துடைத்தாலும் திரைபோல் மங்கல் நிற்கும். பெயிண்ட் அடிக்கப் போகும் பாகத்தில் பட்டாலோ புதுப் பெயிண்ட் சின்னச் சின்னக் குழியாக விலகும்.

கேள்வி: அழுக்குத் துணிகளை கேரி பேக்கில் கட்டிக் கொண்டுவருகிறேன். மறுநாள் திறந்தால் நாற்றம். துவைத்தாலும் போவதில்லை.
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஈரத்தைக் காற்றுப் புகாமல் கட்டினால் பூஞ்சணம் வரத்தான் செய்யும், கடலோர ஊர்களில் ஒரே இரவு போதும். நன்றாகப் பிழிந்து வலைப்பையில் போடுங்கள். சொட்டும் என்றால் வலைப்பையை வாளிக்குள் நிறுத்தி வாளியை மூடாமல் எடுத்து வாருங்கள். அன்றே துவைக்க முடியாவிட்டால் கொடியில் விரித்துக் காயவைத்து, காய்ந்த அழுக்காகச் சேர்த்து வையுங்கள். காம்பவுண்டு (கீறல் போகத் தேய்க்கும் பசைபோன்ற பாலிஷ்) துடைத்த துணி மட்டும் விலக்கு. அது காய்ந்தால் பவுடர் இறுகிவிடும் என்பதால் உடனே தண்ணீரில் ஊறப் போட வேண்டும்.

நாற்றம் ஏறிய துணிக்கு 4 லிட்டர் தண்ணீரில் ஒரு கப் வெள்ளை வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு துவைக்கலாம். போர் தண்ணீரின் உப்பால் விறைத்துப்போன துணிக்கும் இது உதவும். பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ வேண்டாம், இழை கெடும். பிளீச்சையும் வினிகரையும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

கேள்வி: பாலிஷ் மெஷினின் ஃபோம் பேடுகள் சீக்கிரமே போய்விடுகின்றன. ஓரம் பிரிகிறது, முகம் கல்லாகிறது, சில நேரம் மெஷின் அதிர்கிறது. எப்படி வைக்க வேண்டும்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. முகம் கல்லாவது காம்பவுண்டு உள்ளே காய்வதால். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பேடு பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். வேலை முடிந்த பேடைச் சும்மா பையில் எறியாமல், மூடி உள்ள சின்ன வாளியில் தண்ணீரும் கொஞ்சம் ஆல் பர்ப்பஸ் கிளீனரும் (10-க்கு 1) ஊற்றி அதில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஈரமாக இருக்கும்வரை கழுவுவது சுலபம். ஆனால் இரவெல்லாம் ஊறவிட்டால் ஃபோமை வெல்க்ரோவோடு ஒட்டியிருக்கும் பசை இளகும். உங்கள் பேடில் ஓரம் பிரிவதற்கு இதுவோ வெந்நீரோ காரணமாக இருக்கலாம். ஒரே பேடை நிறுத்தாமல் ஓட்டினாலும் நடுப்பகுதி சூடேறிப் பசை விடும். ஒரு செடான் காருக்கு 5 அங்குல கட்டிங் பேடு (கீறலைத் தேய்த்தெடுப்பது) 4 முதல் 6 வரை, ஃபினிஷிங் பேடு (கடைசியில் பளபளப்பு ஏற்றுவது) 2 அல்லது 3 கையில் இருந்தால் மாற்றி மாற்றி ஓட்டலாம்.

கழுவும்போது முறுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே அமுக்கிப் பிழியுங்கள். கம்பித் தட்டில், ஃபோம் கீழே, வெல்க்ரோ மேலே இருக்கும்படி நிழலில் காயவையுங்கள். தண்ணீர் பசையிலிருந்து விலகி இறங்கும். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், நடுவில் ஈரம் நிற்கும். அதனால் ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

அதிர்வு பெரும்பாலும் வைக்கும் விதத்தில் வருகிறது. பேடை மாட்டியபடியே மெஷினைச் சாய்த்து வைத்தால் ஃபோம் ஒரு பக்கம் அமுங்கி அப்படியே நின்றுவிடும். பேடின் மேல் பாட்டில் ஏற்றினாலும் இதே கதி. கழற்றி, ஒவ்வொன்றையும் தனி ஜிப்லாக் பையில், மேலே பாரமில்லாமல் படுக்கையாக அடுக்குங்கள். மெஷினில் பேடு ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட்டில் இருப்பது கொக்கி வெல்க்ரோ. அது திறந்து கிடந்தால் பக்கத்துத் துணியின் இழையையும் ஃபோமையும் பிய்க்கும். ஒரு பழைய பேடையோ துணி உறையையோ போட்டு மூடுங்கள். கம்பளிப் பேடுகள் முடி உதிர்ப்பவை, அவற்றுக்குத் தனி டப்பா. கட்டிங் பேடு எவ்வளவு கழுவினாலும் ஃபினிஷிங் வேலைக்கு வராது. பேடின் பின்புறம் எந்தப் பாலிஷுக்கு என்று மார்க்கரில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: செராமிக் கோட்டிங் துடைத்த துணிகளைத் துவைத்து மறுபடி பயன்படுத்தலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: கூடாது. பெயிண்ட்டைக் காக்க மேலே பூசும் இந்தத் திரவக் கோட்டிங் இழைக்குள் இறுகிக் கண்ணாடிபோல் கடினமாகிவிடும். எந்தச் சோப்பும் கரைக்காது. அந்தத் துணி காரையும் கீறும், மெஷினில் கூடப் போகும் துணிகளையும் கெடுக்கும். வெளியில் விரித்துக் காயவிட்டுக் குப்பையில் போடுங்கள். கோட்டிங் வேலைக்கு விலை குறைந்த மெல்லிய துணியாக வாங்கி, அதன் செலவைக் கூலியில் சேர்த்துவிடுவதுதான் சரி.

கேள்வி: கணவர் கார் துணிகளை எங்கள் வீட்டு வாஷிங் மெஷினிலேயே போடுகிறார். சரியா?
– வாசகி, மதுரை

பதில்: சக்கரத் துணியும் டயர் பாலிஷ் துணியும் மெஷினுக்குள் வரக் கூடாது, அவற்றை வாளியில் கையால் துவைக்கச் சொல்லுங்கள். மற்றவற்றைப் போடலாம், வீட்டுத் துணியோடு சேர்க்காமல். பருத்தித் துண்டின் பிசிறு மைக்ரோஃபைபரில் ஒட்டினால் எடுக்கவே முடியாது; அதனால் முதலில் மெஷினை ஒரு முறை வெறுமனே அலசவிடுங்கள். பாதி அளவே நிரப்பி, திரவ டிடர்ஜென்ட் குறைவாக ஊற்றி, 40 டிகிரிக்குள் துவைத்து, கூடுதலாக ஒரு அலசல் விடுங்கள். ஃபேப்ரிக் கண்டிஷனர் கூடவே கூடாது, இழையில் படலமாகப் படிந்து தண்ணீர் உறிஞ்சாமல் செய்துவிடும். மொட்டை மாடியில் மணல் பறக்கும் என்றால் வீட்டுக்குள் ஃபேனுக்குக் கீழே காயவையுங்கள்.

கேள்வி: இன்ஜின், கிரீஸ் துடைக்க பனியன் வேஸ்ட் வைத்திருக்கிறோம். அதையும் டிக்கியில் மற்றவற்றோடு வைக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: பனியன் வேஸ்ட் அந்த வேலைக்கு மிகப் பொருத்தம், துடைத்தபின் எறிந்துவிடலாம். ஆனால் அதன் பிசிறு மைக்ரோஃபைபருக்கு ஆகாது என்பதால் தனிப் பை வேண்டும். தார் நீக்க பெட்ரோல், மண்ணெண்ணெய் தொட்ட துணியை மூடிய காருக்குள் வெயிலில் வைக்காதீர்கள். ஆவி தேங்கித் தீப்பிடிக்க ஒரு பொறி போதும். ஆளி விதை எண்ணெய் கலந்த மரப் பாலிஷ் துடைத்த துணிக்கு அந்தப் பொறியும் தேவையில்லை. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு உண்டாகும். துணியைச் சுருட்டிக் குவித்தால் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே எரியத் தொடங்கும். அதைத் திறந்த வெளியில் ஒற்றையாக விரித்துக் காயவையுங்கள். உடனே முடியாதபோது தண்ணீரில் முழுக்க நனைத்து, மூடி உள்ள தகர டின்னில் போட்டு, கட்டடத்துக்கு வெளியே வையுங்கள்.