ஆமென் சொல்ல ஓர் இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீடுகளில் மாறி மாறிக் கூடும் ஒரு ஜெபக்குழுவை நான்கு ஆண்டுகளாக நடத்திவருகிறேன். பதினைந்து பேர் வருகிறார்கள். ஆனால் வாய்விட்டு ஜெபிப்பவர்கள் எப்போதும் அதே மூவர்தான். ஒருவருடைய ஜெபம் இருபது நிமிடம்வரை நீள்கிறது. அண்மையில் வேறு சபைகளிலிருந்தும் சிலர் சேர்ந்தார்கள். பெந்தெகொஸ்தே சபையினர், எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிக்கலாம் என்கிறார்கள். கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று எழுதப்பட்ட செபங்களை விரும்புகிறது. எழுதிவைத்து வாசிப்பது ஜெபமே அல்ல என்று எங்களில் ஒருவர் சொல்லிவிட, அந்தக் குடும்பம் இப்போது வரத் தயங்குகிறது. கூடி ஜெபிப்பதற்குச் சரியான முறை என்று ஒன்று உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முறைகள் வேறுபடுவதைப் பற்றி நீங்கள் கவலைப்படுகிறீர்கள். எனக்கோ, பன்னிரண்டு பேர் வெறும் கேட்பவர்களாக மாறிவிட்டதே பெரிய சிக்கலாகத் தெரிகிறது. புதியவர்கள் வருவதற்கு முன்பே அது அங்கே இருந்திருக்கிறது.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் பவுல் ஒரு கேள்வி கேட்கிறார்: நீ சொல்வது இன்னதென்று அருகில் இருப்பவருக்கு விளங்காவிட்டால், உன் ஸ்தோத்திரத்திற்கு அவர் எப்படி ஆமென் சொல்லுவார்? ஒருவர் சொல்வதை மற்றவர்கள் தங்களுடையதாக ஏற்று ஆமென் சொல்லும்போதுதான் தனிமனிதரின் ஜெபம் கூட்டத்தின் ஜெபமாகிறது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். இருபது நிமிட ஜெபத்தின் முடிவில் எழும் ஆமெனில் ஒப்புதல் எவ்வளவு, ஆறுதல் பெருமூச்சு எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம்.

நீண்ட ஜெபம் புதிய நோயும் அல்ல. 1857 செப்டம்பரில் நியூயார்க்கின் ஃபுல்டன் தெருவில் ஜெரமையா லான்ஃபியர் என்பவர் நண்பகல் ஜெபக்கூட்டம் ஒன்றைத் தொடங்கினார். முதல் நாள் அவர் அரைமணி நேரம் தனியாகக் காத்திருந்த பிறகே ஆறு பேர் வந்தார்கள். சில மாதங்களில் அது பல சபையாரும் நிரம்பிய பெரும் கூட்டமாயிற்று. அங்கே ஒருவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஜெபிக்கக் கூடாது, சபைகளுக்கிடையே சர்ச்சைக்குரிய பொருள்களைத் தொடக் கூடாது என்பவை விதிகளாக இருந்தன. நேரம் மீறினால் நடத்துபவர் மணியடிப்பார். பக்தியில் குறைந்தவர்கள் வகுத்த விதிகள் அல்ல இவை. உங்கள் குழுவில் மணி வேண்டாம். ஒருவர் ஒரு காரியத்தை மட்டும் இரண்டு மூன்று வாக்கியங்களில் ஜெபிப்பது, அதே காரியத்துக்காக வேறு ஓரிருவர் தொடர்வது, பிறகே அடுத்த காரியத்துக்குப் போவது என்று வைத்துக்கொண்டால் போதும். சரளமாகப் பேச வராதவருக்கும் இரண்டு வாக்கியம் வரும்.

எழுதப்பட்ட ஜெபம் ஜெபமல்ல என்றவரிடம் அப்போஸ்தலருடைய நடபடிகள் 4ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். பேதுருவும் யோவானும் விடுவிக்கப்பட்டு வந்ததும் விசுவாசிகள் ஒருமனப்பட்டுச் சத்தமிட்டு ஜெபிக்கிறார்கள். அந்த ஜெபத்தின் நடுவே இரண்டாம் சங்கீதத்தின் வரிகள் அப்படியே வருகின்றன. முன்பே எழுதப்பட்டு எல்லோருக்கும் தெரிந்திருந்த வார்த்தைகளைப் பற்றிக்கொண்டே அவர்கள் தங்கள் நெருக்கடியைச் சொன்னார்கள். சங்கீதத்தை இரு பிரிவாக நின்று மாறி மாறிச் சொல்லும் துறவு மடங்களின் வழக்கமும், ஒருவர் வேண்டுதலைச் சொல்ல மற்றவர்கள் ஒரே பதிலைத் திரும்பச் சொல்லும் மன்றாட்டும் இதே வழியில் வந்தவை. துக்கத்தில் வார்த்தை எழாமல் இருப்பவருக்கு இவை தரும் துணையைத் தன்னிச்சையான ஜெபம் பல வேளைகளில் தருவதில்லை.

எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமிட்டு ஜெபிப்பதையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1907இல் கொரியாவின் பியோங்யாங்கில் எழுந்த எழுப்புதல் என்னும் பக்தி எழுச்சிக்குப் பிறகு அது கொரியச் சபைகளின் அடையாளமாகவே ஆயிற்று. கூச்சமுள்ளவருக்கு அந்தப் பேரொலி ஒரு மறைவிடம். அவர் என்ன கேட்கிறார் என்று யாரும் கவனிப்பதில்லை. ஆனால் பவுலின் கேள்வியை இங்கே வைத்தால் ஒரு குறை தெரியும்: பக்கத்தில் இருப்பவரின் ஜெபம் காதில் விழாததால் அதற்கு ஆமென் சொல்ல முடியாது. ஆகவே ஒரு பொருளை முன்னரே அறிவித்து, சில நிமிடங்கள் அவ்வாறு ஜெபித்து, இறுதியில் ஒருவர் அதைத் தொகுத்து முடிப்பது நல்லது.

மௌனத்தை உங்கள் குழுவில் யாரும் கேட்கவில்லை என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது. குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரில் பலர் மௌனமாகவே கூடியிருக்கிறார்கள்; உள்ளே ஏவுதல் உண்டானவர் மட்டும் எழுந்து பேசுகிறார். பிரான்சின் டெய்ஸே சமூகத்தில் பல சபைகளையும் பல மொழிகளையும் சேர்ந்த இளைஞர்கள் சிறு பல்லவிகளைத் திரும்பத் திரும்பப் பாடிவிட்டு நீண்ட மௌனத்தில் அமர்கிறார்கள். முதன்முறை மூன்று நிமிட மௌனமே உங்களுக்கு மிக நீளமாகத் தோன்றும்.

வேறு சபையாரோடு கூடும் நாட்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பல நாடுகளில் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான ஜெப வாரம் அனுசரிக்கப்படுகிறது. அந்த வாரம் 1908இல் தொடங்கியது; அதன் வழிபாட்டு உரைகளை 1968 முதல் உலகத் திருச்சபைகள் மன்றமும் வத்திக்கானும் சேர்ந்து தயாரித்த வடிவில் சபைகள் பயன்படுத்திவருகின்றன. எல்லாத் தரப்பும் ஆமென் சொல்லக்கூடிய வார்த்தைகளைத் தேடிப் பொறுக்கியெடுக்கும் உழைப்பு அதில் இருக்கிறது. அந்த உழைப்பில் சிறிதளவு உங்களுக்கும் தேவைப்படும். அடுத்த கூட்டத்தை நடத்தும் பொறுப்பை அந்தக் கத்தோலிக்கக் குடும்பத்திடமே கொடுத்து, தயக்கம் தீர நீங்களே நேரில் போய் அழையுங்கள். அன்று கர்த்தர் கற்பித்த ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்வதாக இருந்தால், எங்கே நிறுத்துவது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கத்தோலிக்கர் வழக்கமாகத் “தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்” என்பதோடு நிறுத்துவார்கள். மற்றவர்கள் ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்று தொடர்ந்துவிடுவார்கள்.